நிபுணர் வருவதா, நோயாளி போவதா? மருத்துவ நிபுணர்களைப் பயிற்றுவிப்பதிலும் பகிர்வதிலும் அரசுகளின் ஒத்துழைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் மாதத்தில் பாதி நாள் பாய் விரித்தபடிதான் இருக்கும். மன்னார், மட்டக்களப்பு, அட்டன் என்று எங்கிருந்தாவது யாராவது சொந்தக்காரர் கிளினிக்குக்கு வந்திருப்பார். இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் இறங்கி, முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, எக்ஸ்ரே, ஸ்கான் எல்லாம் ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒரே கேள்வி: "இந்த டொக்டர் எங்கட ஊரில ஏன் இல்லை?" பத்திரிகையில் இரண்டு நாட்டு அரசுகள் சுகாதார ஒப்பந்தம் செய்த செய்தி வந்தால், "இதால எங்களுக்கு என்ன வரும்?" என்று அடுத்த கேள்வி. பல வருடங்களாக அவர்கள் கேட்டவற்றையும் நான் தேடிப் படித்துச் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நிபுணர்களைப் "பகிர்வது" என்றால் என்ன? ஒரு டொக்டரை எப்படிப் பகிர முடியும்?

நடைமுறையில் பல வழிகள் உண்டு. ஒரு நாட்டின் இளம் டொக்டர் இன்னொரு நாட்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறுவது ஒன்று. நிபுணர் குழு ஒன்று சில நாட்களுக்குப் போய் ஒப்பரேஷன் செய்து கொடுப்பது இன்னொன்று. ஆள் அசையாமல் ஸ்கான் படத்தை மட்டும் அனுப்பி அபிப்பிராயம் கேட்பதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் அடியில், ஒரு நாட்டின் நிபுணர் சான்றிதழை மற்ற நாடு ஏற்றுக்கொள்வது என்ற சட்ட வேலை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேலை அது. பெரும்பாலான முயற்சிகள் சிக்கி நிற்பது அங்கேதான்.

ஒவ்வொரு நாடும் தன் நிபுணர்களைத் தானே உருவாக்கிக்கொண்டால் என்ன?

சின்ன நாடுகளுக்கு அது முடியாத காரியம், காசு இருந்தாலும்கூட. குழந்தைகளின் இருதய ஒப்பரேஷன் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கை பழக வேண்டுமென்றால் வருடம் முழுக்க நோயாளிகள் வந்துகொண்டிருக்க வேண்டும். சுமார் 5 லட்சம் பேர் வாழும் மாலைதீவில் அந்தளவு குழந்தைகள் வரமாட்டார்கள். அதனால்தான் மாலைதீவுக் குடும்பங்களைக் கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிகளில் தினமும் பார்க்கிறோம். மாலேயில் இருக்கும் பெரிய அரச ஆஸ்பத்திரியான இந்திரா காந்தி நினைவு வைத்தியசாலையும் இந்திய உதவியில் 1995இல் திறக்கப்பட்டதுதான். அங்கே வேலை செய்யும் டொக்டர்களில் நிறையப் பேர் வெளிநாட்டவர்.

சுமார் 2.2 கோடிப் பேர் வாழும் இலங்கை பொது மருத்துவம், பிரசவம், சிறுவர் மருத்துவம் போன்ற துறைகளில் தன் நிபுணர்களைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. மிகவும் நுணுக்கமான துறைகள் என்று வரும்போது, நாமும் கதவைத் தட்டுகிற இடத்தில்தான் நிற்கிறோம்.

இலங்கையில் ஒருவர் விசேட வைத்திய நிபுணராக எவ்வளவு காலம் எடுக்கும்?

என் பெரியம்மாவுக்கு நான் விரலை மடக்கிக் காட்டிச் சொன்ன கணக்கு இது. உயர்தரப் பரீட்சை, பிறகு பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பு. மருத்துவ பீடத்தில் 5 வருடம். உள்ளகப் பயிற்சி கிடைக்கும்வரை மறுபடி காத்திருப்பு, பிறகு அந்த 1 வருடம். அதற்கப்புறம் அரச சேவை. அதைச் செய்துகொண்டே மேற்படிப்புக்கான தேர்வுப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். தேர்வானால் துறையைப் பொறுத்து பல வருடப் பயிற்சி, எம்.டி. என்ற மேற்படிப்புப் பரீட்சை, பிறகு சிரேஷ்ட பதிவாளராக, அதாவது நிபுணருக்குக் கீழே பழகும் மூத்த டொக்டராக வேலை, அதோடு சேர்த்து வெளிநாட்டுப் பயிற்சி. எல்லாம் முடிந்து நிபுணர் சான்றிதழ் கையில் கிடைக்கும்போது ஆள் முப்பதுகளின் நடுவைத் தாண்டியிருப்பார்.

இதையெல்லாம் நடத்துவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம். 1980இல் இன்றைய வடிவத்தில் அமைந்தது; தேசிய வைத்தியசாலைக்குக் கிட்டத்தான் இருக்கிறது. நாடு முழுவதற்கும் நிபுணர்களை உருவாக்கும் வாசல் அது ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் 1978 முதல் மருத்துவ பீடம் இருக்கிறது, கிழக்கிலும் இருக்கிறது. ஆனாலும் நிபுணராக வேண்டுமானால் கொழும்பு வழியாகத்தான் போக வேண்டும். தரம் ஒன்றாக இருப்பதற்கு இது உதவுகிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் முப்பது வயதில் கொழும்பில் வீடு எடுத்து, கல்யாணம் முடித்து, பிள்ளையை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்த ஒருவரைப் பிறகு முல்லைத்தீவுக்குப் போகச் சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். பயிற்சி எந்த ஊரில் நடக்கிறதோ, வாழ்க்கையும் அந்த ஊரில்தான் வேர் விடுகிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப் போகும் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

அந்த வெளிநாட்டுப் பயிற்சி எதற்கு? இங்கேயே முடிக்கக் கூடாதா?

இங்கே இல்லாத கருவிகளையும் முறைகளையும் பார்த்துவர அது தேவை. நம் நிபுணர்கள் பலர் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து கற்று வந்தவர்கள். இங்கிலாந்தில் வெளிநாட்டு டொக்டர்கள் அதிகபட்சம் 2 வருடம் பயிற்சி பெற்றுவிட்டுத் தங்கள் நாட்டுக்குத் திரும்புவதற்கென்றே தனித் திட்டம் ஒன்று இருக்கிறது. அதாவது, நாம் கவனிக்காமலேயே நம் மருத்துவத்தின் ஒரு பகுதி வேறு அரசுகளின் ஒத்துழைப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. போனவர்களில் பலர் திரும்பவில்லை; இங்கே சேவையில் இருந்த நிபுணர்களும் நாட்டை விட்டுப் போனார்கள். நிபுணர்கள் போய்விட்டதால் ஒரு போதனா வைத்தியசாலையில் சிறுவர் விடுதி மூடப்பட்டது 2023இல் பத்திரிகைகளில் பெரிய செய்தியானது.

என் கருத்தைக் கேட்டால், அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியையாவது நம் பக்கத்து நாடுகளில் செய்யலாம். டெங்கு, பாம்புக்கடி, வாய்ப் புற்றுநோய், வாதக் காய்ச்சலால் வரும் இருதய வால்வு நோய் எல்லாம் வேலூரிலும் டாக்காவிலும் தினமும் வரும் நோய்கள். இலண்டனில் பாம்பு கடித்து வருகிறவர் எத்தனை பேர்? நாம் பாவிக்கும் பாம்பு விஷ எதிர்மருந்தே இந்தியாவிலிருந்துதான் வருகிறது. மதுரையில் 1976இல் 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்று பல நாடுகளிலிருந்தும் கண் டொக்டர்கள் பழக வருகிறார்கள். குறைந்த செலவில் நிறையப் பேருக்குப் பார்க்கும் முறையை அங்கேதான் கற்க முடியும். நமக்கு வேண்டியதும் அந்த முறைதான்.

இந்த ஒத்துழைப்பு எல்லாம் புதிதாக வந்ததா?

இல்லை. அதில் ஒரு பெரிய திட்டம் கொழும்பின் பெயரையே வைத்திருக்கிறது. 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்த கொழும்புத் திட்டம் 1951 ஜூலை 1ஆம் திகதி செயற்படத் தொடங்கியது. ஆசிய நாடுகளின் ஆட்களை வேறு நாடுகளில் பயிற்றுவிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. செயலகம் இன்றும் கொழும்பில்தான் இருக்கிறது. இந்தியா 1964இல் தொடங்கிய தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டமும் இதே வகை.

நாம் வாங்குகிறவர்களாக மட்டும் இருக்கவுமில்லை. பூட்டானில் மருத்துவக் கல்லூரி இல்லாத காலத்தில் அந்நாட்டு மாணவர்கள் நம் மருத்துவ பீடங்களில் படித்து டொக்டராகித் திரும்பினார்கள். இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கம், இறந்தவர்களின் கண்களை 1964இல் முதலில் சிங்கப்பூருக்கு அனுப்பியது. பிறகு 50க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு. பாகிஸ்தானில் எத்தனையோ பேர் இலங்கையரின் கண்ணால் பார்க்கிறார்கள். நிபுணர் பகிர்வோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனாலும் எல்லை தாண்டிய மருத்துவ உதவி பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பு ஏதாவது செய்ததா?

சேவை வர்த்தகத்துக்கான ஒப்பந்தம் ஒன்று 2010இல் திம்புவில் கையெழுத்தானது. டொக்டர்கள் எல்லை தாண்டி வேலை செய்வதை அது சுலபமாக்கிவிடவில்லை. 2014இல் காத்மண்டுவில் நடந்ததற்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே கூடவில்லை. ஆகவே இப்போதைக்கு இரு நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

வேறு எங்கேயாவது இது நன்றாக நடக்கிறதா?

நடக்கிறது, நாம் எதிர்பார்க்காத இடங்களில்.

கிழக்கு, மத்திய, தென் ஆபிரிக்க நாடுகள் சேர்ந்து 1999இல் ஒரு சத்திரசிகிச்சைக் கல்லூரியை அமைத்தன. தலைமையகம் தன்சானியாவின் அருஷாவில். சுவரில்லாக் கல்லூரி என்று அதைச் சொல்கிறார்கள். மாணவர் போய்ச் சேர்வதற்கென்று ஒரு வளாகம் கிடையாது. இளம் டொக்டர் தன் நாட்டு ஆஸ்பத்திரியிலேயே, அங்கே அங்கீகாரம் பெற்ற நிபுணரின் கீழ் வேலை செய்து பழகுகிறார். பாடத்திட்டமும் பரீட்சையும் எல்லா நாடுகளுக்கும் பொது; பரீட்சகர்களும் பல நாட்டவர்கள். அப்படிப் பயின்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பயிற்சி பெற்ற நாட்டிலேயே தங்கிவிட்டார்கள் என்று பின்னர் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மேற்கு நாட்டுக்கு அனுப்பிப் படிப்பித்தவர்களை இழந்து பழகிய ஒரு கண்டத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை. என்னைக் கேட்டால் நம் மாகாணங்களுக்குப் பொருந்தும் முன்மாதிரி இதுதான்.

பசிபிக் தீவுகளின் கதையும் கவனிக்க வேண்டியது. அவுஸ்திரேலிய அரசின் பணத்தில் 1995 முதல் சத்திரசிகிச்சைக் குழுக்கள் தீவு தீவாகப் போய் வந்தன. அவர்கள் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் விமானம் கிளம்பியதற்கு மறுநாள் ஒருவருக்குக் குடல் அடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது? 1998இல் பீஜியின் சுவாவில் மேற்படிப்புப் பயிற்சி தொடங்கிய பிறகு, தீவுகளின் டொக்டர்கள் அந்தப் பிராந்தியத்திலேயே நிபுணத்துவம் பெற வழி பிறந்தது. வருகைக் குழுக்களின் வேலையிலும் கற்றுக்கொடுப்பது ஒரு பெரிய பங்காகியது.

தென்கிழக்காசியாவின் ஆசியான் நாடுகள் மருத்துவர்களைப் பரஸ்பரம் அங்கீகரிக்க 2009இல் ஒப்பந்தம் செய்தன. ஆனால் ஒவ்வொரு நாட்டின் மருத்துவ சபையும் தன் நிபந்தனைகளை வைத்துக்கொண்டதால், அதைப் பயன்படுத்திப் பெரிய அளவில் டொக்டர்கள் நகரவில்லை.

இந்தியாவிலிருந்து நிபுணர்களைக் கூப்பிட்டு இங்கே வேலைக்கு வைக்கலாமே? தமிழ் பேசுகிறவர்களும் கிடைப்பார்களே?

வெளிநாட்டு டொக்டர் யாராக இருந்தாலும் இலங்கை மருத்துவ சபையின் பதிவு இல்லாமல் இங்கே ஒரு நோயாளியைத் தொட முடியாது. அது நம் பாதுகாப்புக்கான சட்டம். அப்படித்தான் இருக்க வேண்டும். இந்தியாவுடன் பொருளாதார, தொழில்நுட்ப ஒப்பந்தம் ஒன்று 2016இல் பேசப்பட்டபோது அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. வெளியிலிருந்து வருகிறவர்களின் தரத்தை யார் பார்ப்பது, நம் டொக்டர்களின் இடம் என்னாகும் என்று கேட்டார்கள். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பது வேறு. 3 மாதம் ஒரு போதனா வைத்தியசாலையில் நின்று, நம் நிபுணர்களின் பக்கத்தில் வேலை செய்து பழக்கிவிட்டுப் போவது வேறு. இரண்டையும் ஒரே வாதத்தால் அடித்துவிடக் கூடாது.

மொழியைப் பற்றிக் கேட்டது மிகவும் நியாயம். கொழும்பில் எங்கள் ஆட்கள் "நெஞ்சு பிசையுது", "தலை கிறுகிறுக்குது" என்று சொல்வதை, பக்கத்துக் கட்டில்காரரோ துப்புரவு வேலை செய்யும் அக்காவோ சிங்களத்தில் மாற்றிச் சொல்லித்தான் டொக்டருக்குப் புரிகிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. கிளினிக் அறைக்குள் அது இன்னும் முழுதாக நுழையவில்லை. ஆனால் இதற்கு மருந்து சென்னையிலிருந்து வர வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பு உதவியாளர்களை நியமிப்பதும், மருத்துவ மாணவர்கள் நோயாளியோடு பேசுமளவுக்கு மற்ற மொழியைப் படிப்பதும் நம்மாலேயே முடியும்.

படிப்பித்து அனுப்பினால் ஆள் திரும்பி வராமல் போய்விடுகிறாரே?

வெளிநாடு அனுப்பும்போது, திரும்பி வந்து இத்தனை வருடம் சேவை செய்வேன் என்று பிணை எழுதி வாங்குகிறார்கள். தவறினால் பணம் கட்ட வேண்டும். டொலரில் சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு அந்த ரூபாய்க் கணக்கு பெரிதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நடத்தைக் கோவையை வெளியிட்டது: டொக்டர், தாதியர் பற்றாக்குறையுள்ள நாடுகளிலிருந்து மற்ற நாடுகள் முனைந்து ஆள் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அது சட்டம் இல்லை. ஏற்றுக்கொண்ட அரசின் மனச்சாட்சியைப் பொறுத்தது.

கட்டிவைக்கும் வழியைவிட, தங்க விரும்புகிறவரைத் தேடிப் பயிற்றுவிக்கும் வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம். தமிழ்நாட்டில் மாநில அரசின் மருத்துவ மேற்படிப்பு இடங்களில் 50 சதவீதம் ஏற்கெனவே அரச சேவையில் இருக்கும் டொக்டர்களுக்கு. இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்புச் சொன்னது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்த ஒருவர் நிபுணராகி, தன் மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கே திரும்பும் பாதை அதனால் திறந்திருக்கிறது.

நாடுகள் கிடக்கட்டும். நம் மாகாணங்களுக்குள்ளேயே ஏன் பகிர முடியவில்லை?

என் மனதுக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது.

சுகாதாரம் மாகாண சபைக்குப் பகிரப்பட்ட விடயம். மன்னார், முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளும் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் மத்திய அமைச்சின் கீழ். கட்டடமும் கட்டிலும் இப்படி இரண்டு கைகளில் இருந்தாலும், நிபுணர்களை நியமிப்பதும் இடமாற்றுவதும் கொழும்பில்தான். ஆண்டு இடமாற்றப் பட்டியல் வரும்போது ஒருவர் கிளம்பிவிடுவார். அந்த இடத்துக்கு வருகிறவர் வர மாதங்கள் ஆகும்.

என் பெரியம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம். ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் மாற்றலாகிப் போனார். கிளினிக் திகதி கொப்பியில் எழுதியபடியே இருந்தது. போனால் பார்க்க ஆள் இல்லை. இரண்டு முறை அப்படித் திரும்பி வந்தார். மூன்றாவது முறை கால் வீங்கிய பிறகுதான் கொழும்புக்கு பஸ் ஏறினார். யாரும் வேண்டுமென்று செய்த பிழை இல்லை அது. போகிறவர் வருகிறவரிடம் நோயாளிகளைக் கை மாற்றிவிட்டுப் போகும் ஏற்பாடு இல்லாததுதான் குறை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நிபுணர் ஒருவர் மட்டும் போனால் போதாது. சத்திரசிகிச்சை நிபுணர் இருந்து மயக்க மருந்து நிபுணர் இல்லாவிட்டால் கத்தியை எடுக்கவே முடியாது. இரத்த வங்கி, பயிற்சி பெற்ற தாதியர், ஸ்கான் எடுப்பவர் எல்லாரும் வேண்டும். 2011இல் நாட்டின் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்த அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. மலையகத்தில் டிக்கோயாவில் 150 கட்டில் கொண்ட ஆஸ்பத்திரியை இந்தியா கட்டிக் கொடுத்தது. 2017இல் இந்தியப் பிரதமர் வந்து திறந்து வைத்தார். கட்டடத்துக்குக் கைகொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குள் நிற்கும் முழுக் குழுவையும் ஒரு சேரப் பயிற்றுவிப்பதற்கும் அரசுகள் அதே கையைக் கொடுக்க வேண்டும்.

வீடியோவில் பார்த்துச் சொன்னால் போதாதா?

சில துறைகளுக்குப் போதும். எக்ஸ்ரே, சிடி ஸ்கான், தோல், கண்ணின் உட்பக்கப் படம் போன்றவற்றைப் படமாக அனுப்பி நல்ல பதில் பெறலாம். பிரசவத்தில் இரத்தம் போகும்போது போனில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் கை வைக்க அந்த இடத்தில் ஆள் வேண்டும்.

இனி ஒப்பந்தச் செய்தி வந்தால் எதைப் பார்த்து மதிப்பிடுவது?

அமைச்சர்கள் கை குலுக்கும் படத்தைத் தாண்டிப் படியுங்கள். எத்தனை பேருக்கு, எந்தத் துறையில், எவ்வளவு காலம் பயிற்சி என்று எண் இருக்கிறதா? அந்தச் சான்றிதழை இரு நாட்டு மருத்துவ சபைகளும் ஏற்கின்றனவா? வந்த நிபுணரின் சிகிச்சையில் ஏதாவது பிழை நேர்ந்தால் நோயாளி யாரிடம் கேட்பது? தங்குமிடம், சம்பளம் யார் பொறுப்பு? பயிற்சி முடித்துத் திரும்புகிறவருக்கு ஆஸ்பத்திரியில் பதவியும் கருவியும் ஆயத்தமாக இருக்குமா? கடைசிக் கேள்வியைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். கருவியே இல்லாத ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் நிபுணர் தன் திறமை மங்குவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருடம் இருப்பார்?

அடுத்த மாதம் அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டி வர வேண்டும். இப்போதைக்கு நான் என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் ஊர் டொக்டரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். பாவிக்கும் மருந்துகளின் பெயரும் அளவும் அதில் இருக்கட்டும். ஸ்கான் படங்களைப் போனிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பை தொலைந்தாலும் கையில் இருக்கும். கிளம்புவதற்கு முன்னாலேயே கிளினிக்குக்கு போன் பண்ணி, அன்றைக்கு அந்த நிபுணர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இங்கே பார்த்து முடிந்ததும், "அடுத்த முறை எங்கள் ஊருக்குக் கிட்டவே பார்க்க முடியுமா? அங்கே இருக்கிற டொக்டருக்கு ஒரு கடிதம் தருவீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். பல நிபுணர்கள் சந்தோஷமாக எழுதிக் கொடுப்பார்கள். சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பெரியம்மா இப்போது 3 மாதத்துக்கு ஒருமுறைதான் கொழும்புக்கு வருகிறார். இடையில் பார்ப்பதெல்லாம் ஊரில், அப்படி வாங்கிய ஒரு கடிதத்தால்.